நட்சத்திரமும் சிலுவையும் போட்ட கத்தி

தாத்தா விட்டுப்போன மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்தால், எல்லோரும் முதலில் அதைத் திறந்து கட்டைவிரலால் கூர் பார்ப்பார்கள். அடுத்து உப்புத்தாள் வாங்கிவந்து துருவைத் தேய்ப்பார்கள். முன்னதில் விரலுக்குத்தான் ஆபத்து. பின்னதில் கத்தி யார் செய்தது, எப்போது செய்தது என்ற விவரமே தேய்ந்து போய்விடும்.

அந்த விவரம் இருக்கும் இடம் மிகச் சிறியது. அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், வாய் தொடங்குவதற்கு முன்பாக, அரை அங்குலம்கூட இல்லாத ஒரு தட்டையான பகுதி உண்டு. அதன்மேல் சாணைக்கல் படுவதில்லை. தீட்டித் தீட்டி அலகு பாதியாக இளைத்துப் போன கத்தியிலும் அந்த இடம் மட்டும் பிறந்த அகலத்தோடு இருக்கும். அதனால்தான் செய்தவர்கள் தங்கள் பெயரை அங்கே குத்தினார்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழும், படிக்கலாம்.

எங்கள் வீட்டுக் கத்தி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமாக இருந்த தாத்தாவுடையது. ஒரு பெரிய அலகு, ஒரு சின்ன அலகு, மான்கொம்புப் பிடி. பெரிய அலகின் அடியில் ஒரு கிரீடம், அதன் இருபுறமும் ஆங்கிலத்தில் ஜி, ஆர் என்ற எழுத்துகள். கீழே ‘ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ்’, அதற்கும் கீழே மாட்சிமை தங்கிய மன்னருக்குக் கத்தி செய்பவர்கள் என்ற விருது வரி. திருப்பினால் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று, மால்டாச் சிலுவை ஒன்று, ஷெஃபீல்ட், இங்கிலாந்து.

ஊரில் யாரும் இந்த எழுத்தையெல்லாம் படித்திருக்க மாட்டார்கள். படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நட்சத்திரமும் சிலுவையும் இருந்தால் நல்ல சீமைக் கத்தி, அவ்வளவுதான். குறி வைத்ததே அதற்காகத்தான். ஷெஃபீல்டில் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கத்திக்காரர் சங்கம் ஒன்று அமைந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு குறி, ஒருவர் குறியை இன்னொருவர் தொடக்கூடாது என்று அது கணக்கு வைத்துக்கொண்டது. நட்சத்திரமும் சிலுவையும் 1682-லேயே வழங்கப்பட்ட குறி என்று ராட்ஜர்ஸ் கம்பெனி பின்னாளில் விளம்பரங்களில் சொல்லிக்கொள்ளும். எழுத்துத் தெரியாத வாங்குபவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பெயரைவிட அந்த இரண்டு உருவங்கள்தான் உத்தரவாதம். ஒரு குறி அப்படிப் பேர் வாங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? உருவத்தைக் கொஞ்சம் மாற்றி, பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி, போலிகள் வந்தன. எனவே பழைய கத்தியில் ‘ராட்ஜர்ஸ்’ என்று கண்டதும் குதிக்கக் கூடாது. ஆங்கிலத்தில் நடுவில் ‘டி’ இருக்கிறதா, சிலுவையின் நான்கு கைகளும் வெளிப்புறமாக விரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

காலத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கிரீட எழுத்து உதவும், பாதி வழி வரை. ராட்ஜர்ஸ் கம்பெனிக்கு நான்காம் ஜார்ஜ் மன்னர் 1822-இல் அரண்மனைச் சான்று கொடுத்தார். அதற்குப் பின் எந்த அரசர் காலமோ அவர் எழுத்து கத்தியில் ஏறியது. வி.ஆர். என்றால் விக்டோரியா, அதாவது 1837 முதல் 1901 வரை. இ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு, 1910 வரை. ஜி.ஆர். என்றால்தான் சிக்கல். நான்காம் ஜார்ஜும் ஜி.ஆர்.தான், 1910-இல் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜும் ஜி.ஆர்.தான், 1936 முதல் 1952 வரை ஆண்ட ஆறாம் ஜார்ஜும் அதேதான். எங்கள் சித்தப்பா முதல் ஜி.ஆரைப் பிடித்துக்கொண்டு, கத்திக்கு இருநூறு வயது என்று ஒரு கல்யாண வீட்டில் பாதிப் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்.

அவருடைய கணக்கைக் கெடுத்தது ‘இங்கிலாந்து’ என்ற ஒரே சொல். அமெரிக்கா 1890-இல் மக்கின்லி சுங்கச் சட்டம் கொண்டுவந்து, உள்ளே வரும் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஷெஃபீல்டின் பெரிய சந்தை அமெரிக்காதான். அமெரிக்காவுக்காக வெட்டிய அச்சையே எல்லா நாட்டுக்கும் போன கத்திகளிலும் குத்தினார்கள். ஆகவே ஊர்ப் பெயரோடு நாட்டுப் பெயரும் இருந்தால், பொதுவாக அது 1890-க்குப் பிந்தையது. அப்படியானால் எங்கள் ஜி.ஆர். இருபதாம் நூற்றாண்டு ஜார்ஜ். இருநூறு வயது நூற்றுச் சொச்சத்துக்குள் சுருங்கியது. சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த தடயம் இரும்பு. தாத்தா கத்தியில் மாங்காய் நறுக்கினால் துண்டின் ஓரம் கறுத்துவிடும். அலகிலும் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம் ஏறும். பழைய கரி எஃகின் குணம் அது. கறுக்காத எஃகும் இதே ஷெஃபீல்டில்தான் பிறந்தது. துப்பாக்கிக் குழாய்கள் சீக்கிரம் அரித்துப் போவதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, குரோமியம் நூற்றுக்குப் பதின்மூன்று அளவில் கலந்த ஓர் எஃகை 1913-இல் வார்த்தார். துப்பாக்கியைவிட அது சாப்பாட்டு மேசைக்குத்தான் அதிகம் பயன்பட்டது. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று உள்ளூர்க் கத்திக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்களாம். தொடக்ககால எவர்சில்வர் கத்திகளைத் தீட்டிப் பார்த்தவர்களுக்குக் கேலியில் நியாயம் இருப்பது புரியும். ஆனால் அந்தக் கேலி ரொம்ப நாள் நிற்கவில்லை. இன்று கறுக்கிற கத்தியைப் பார்த்தால் வீட்டுப் பிள்ளைகள் அழுக்கு என்று விம் போட்டுத் தேய்க்கிறார்கள்.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. ஷெஃபீல்டில் மான்கொம்புப் பிடி என்றால் பெரும்பாலும் நம் நாட்டுக் கடமானின் கொம்பு. ஆண்டுதோறும் கடமான் உதிர்க்கும் கொம்பைக் காட்டில் பொறுக்கி, மூட்டைகட்டிக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பிய மான்களின் கொம்பைவிட இது உள்ளே கெட்டியானது, வெளியே சொரசொரப்பு அதிகம், ஈரக் கையிலும் வழுக்காது. எங்கள் கத்தியின் ஒரு பக்கத்துப் பிடியில் அந்தச் சொரசொரப்பு முழுதாகத் தேய்ந்து வழவழவென்று தேன் நிறமாகிவிட்டது. மறுபக்கம் இன்னும் வரி வரியாக இருக்கிறது. உள்ளங்கை அழுந்திய பக்கம் எது என்று சொல்லாமலே தெரியும். கொம்புக்கு அடியில் பித்தளைத் தகடு, அதை ஊடுருவி மூன்று ஆணிகள், தலைப்பில் வெள்ளிபோல் மின்னும் ஒரு மூடி. மூடிக்கு நிக்கல் சில்வர் என்று பெயரே தவிர அதில் வெள்ளி துளியும் கிடையாது. அடகுக்கடைக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் கவனிக்க.

ஆக, இந்தியக் காட்டில் விழுந்த கொம்பு இங்கிலாந்து போய், கத்தியாகத் திரும்பி, ஒரு கர்ணத்தின் இடுப்பு மடியில் வந்து உட்கார்ந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடைகளும் அந்த வழியை அடைத்தன. உதிர்ந்த கொம்புக்கும் இப்போது போக்குவரத்து இல்லை. இன்றைய கத்திகளில் மான்கொம்பு மாதிரி தெரிவது பெரும்பாலும் மாட்டெலும்பில் வரி செதுக்கிச் சாயம் ஏற்றியது, இல்லையென்றால் வெறும் பிளாஸ்டிக். பிடி தந்தமாக இருந்தால் நிலைமை இன்னும் கறார். குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் அது தந்தம். ஒருகாலத்தில் ராட்ஜர்ஸ் கம்பெனி யானைத் தந்தங்களைக் குவித்து வைத்து, வருகிறவர்களுக்குக் காட்சியாகவே காட்டியது. இன்று அப்படிப் பிடிபோட்ட கத்தியை இந்தியாவில் விற்க முடியாது. பிரிட்டனிலும் 2018-இன் தந்தச் சட்டத்துக்குப் பிறகு சில விலக்குகள் தவிர விற்க முடியாது. தாத்தா கத்தி தந்தமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விலை மட்டும் கேட்காதீர்கள்.

கொம்பு மட்டுமில்லை, இரும்பும் நம் பக்கத்திலிருந்து ஷெஃபீல்டுக்குப் போன காலம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துக் கனிமம், மரக்கரி உலை, அதில் உருகிய இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பல் ஏறியது. தென்னிந்தியக் கொல்லர்கள் மண்மூசையில் உருக்கு காய்ச்சும் விதத்தைப் பார்த்துப் பார்த்து அதில் கிறுக்குப் பிடித்த மனிதர் அவர். ஷெஃபீல்டுக்காரர்கள் அதுவரை நல்ல கத்தி எஃகுக்கு ஸ்வீடன் இரும்பைத்தான் நம்பியிருந்தார்கள், விலையும் அதிகம். மாங்கனீஸ் சேர்த்து உருக்கினால் மட்டமான உள்ளூர் இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்று ஹீத் கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு சும்மா இருக்குமா? அவர் எழுதிய பக்குவத்தில் ஒரு படியை மட்டும் மாற்றி, காப்புரிமைப் பணம் கொடுக்காமலே எல்லோரும் செய்ய ஆரம்பித்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அவர் இறந்த பிறகு, 1855-இல், பிரபுக்கள் சபையில் அவர் பக்கம் தோற்றது. பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை. எங்கள் கத்தியில் சேலத்து இரும்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, காலம் ஒத்துவராது. ஆனால் ஷெஃபீல்டு எஃகு மலிவானதற்குப் பின்னால் பரங்கிப்பேட்டையில் உலை ஊதிய ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அங்கே வாங்கிய கத்தியை வைத்திருக்கும் தமிழர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

ஷெஃபீல்டின் பெருமை எப்படிப்பட்டது என்றால், ராட்ஜர்ஸ் பட்டறை 1822-இல் 1,822 அலகுகளோடு ஒரு கத்தியைச் செய்து, வருஷம் கூடக்கூட அலகும் கூட்டிக்கொண்டே போனது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு 75 அலகுகளோடு இன்னொன்று, ஒவ்வோர் அலகிலும் சித்திர வேலை. வெங்காயம் நறுக்க இவை ஆகாது, ஆனால் எங்களால் முடியும் என்று காட்ட ஆகும். அந்த ஜொலிப்புக்கு அடியில் இருந்தது வேறு. கத்தி செய்ய ஒரே ஆள் கிடையாது. அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போட்டுச் சேர்ப்பவர் ஒருவர். ஊர்ப் பேச்சில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்று பெயர்பெற்ற சின்னச் சின்ன முதலாளிகள், ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெரிய கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்தார்கள். சாணைக்காரர்கள் கல்லுக்கு முன்னால் குனிந்தே கிடந்து கல்தூளைச் சுவாசித்தார்கள். ஈரம் படாமல் தீட்டுகிறவர்கள் முப்பத்தைந்து வயதைத் தாண்டுவது அரிது, ஈரக்கல்லில் தீட்டுகிறவர்களுக்கும் நாற்பத்தைந்துதான் என்று 1845-இல் எங்கெல்ஸ் எழுதினார். ஷெஃபீல்டு மருத்துவர் ஒருவரின் கணக்கை வைத்து எழுதியது அது.

கத்தி இங்கே வந்து சேர்ந்த பிறகு நடந்ததை எந்தச் சங்கமும் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அன்று கத்தியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் கத்தியில் பெரிய அலகு நடுவில் உள்வாங்கி இருக்கிறது. முனைப் பக்கம் அகலம், அடிப் பக்கம் அகலம், நடுவில் இடுப்பு ஒடுங்கியதுபோல. கொல்லையில் வாழை இலை அறுக்கும் கத்திக்கு இப்படி ஆகும் என்று சொன்னவர் எங்கள் பழைய குத்தகைக்காரரின் மகன். இலைக் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து அறுக்கும்போது வாயின் நடுப்பகுதிதான் வேலை செய்கிறது, அதனால் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே தீட்ட வேண்டிவரும். கையில் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு இதைச் சொன்னார். எழுத்தைப் படிக்கவில்லை.

சின்ன அலகின் தேய்மானம் வேறு மாதிரி. முனைக்கு அருகே வயிறு மட்டும் மழுங்கி, குறுக்கே நுண்ணிய கோடுகள் ஓடுகின்றன. பென்சில் சீவினால் இப்படி ஆகாது, சீவல் வாயின் அடியில்தான் நடக்கும். இது காகிதத்தைச் சுரண்டிய தேய்மானம். மசியில் எழுதும் காலத்தில் தப்பாக விழுந்த எழுத்தை ரப்பர் அழிக்காது. மசி காய்ந்தபின் கத்தியின் வயிற்றால் காகிதத்தின் மேல்தோலை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே எழுதுவார்கள். அழுத்தம் கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும். கச்சேரி குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் கைவந்த வித்தை இது. அடங்கல், சிட்டா என்ற நிலக் கணக்குகளில் கர்ணம் எதைச் சுரண்டினார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மருமகள்களுக்குத்தான் அடி விழுந்திருக்கும், வாயால். தாத்தா பார்த்த அந்தப் பதவியும் இன்று இல்லை. பரம்பரைக் கர்ணம், மணியம் எல்லாவற்றையும் தமிழக அரசு 1980-இல் ஒழித்துவிட்டு, தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. இப்போது பட்டா கணினியில் வருகிறது. திருத்த வேண்டுமானால் மனுப் போட வேண்டும், சுரண்ட முடியாது.

அரக்கு முத்திரை உடைக்க, சணல் அறுக்க, தபால் உறை பிரிக்க, காலில் தைத்த கருவேல முள்ளைத் தோண்டி எடுக்க, வேப்பங்குச்சி நறுக்க, ரயிலில் யாரோ கொடுத்த மாம்பழத்தைப் பத்தை போட. இத்தனைக்கும் ஒரே கத்தி, அது இடுப்பில். அன்று ஆண்பிள்ளை என்றால் இடுப்பு மடியில் பொடிமட்டையோ வெற்றிலைச் சுருளோ கத்தியோ ஏதாவது ஒன்று கனக்கும். யாரும் அதை ஆயுதமாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடப் பையனின் பெட்டியில் பென்சிலோடு பேனாக்கத்தி கிடந்தால் வாத்தியார் வாங்கித் தன் பென்சிலையும் சீவிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். இன்று அதே பையன் அதே கத்தியோடு வகுப்புக்குப் போனால் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன், வகுப்பறைக்குள் கத்திக்குத்து நடந்த செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். பென்சில் சீவ ஐந்து ரூபாய்க்கு ஷார்ப்னர் கிடைக்கும்போது பேனாக்கத்திக்காக வாதாடுவது வீண்.

சட்டம் உண்மையில் இந்தக் கத்தியோடு சண்டைக்கு வருவதில்லை. இந்திய ஆயுத விதிகள் கவலைப்படுவது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுகளைப் பற்றி. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமானவற்றுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. கத்திக்குத்து பெரிய அரசியல் பிரச்சினையாகிவிட்ட பிரிட்டனிலேயே, மூன்று அங்குலத்துக்கு மேற்போகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை ஒருவர் காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று 1988-இன் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. தாத்தா கத்தி சரியாக அந்த வகை. முதுகிலுள்ள வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்தபடி நிறுத்துகிறது, பூட்டு கிடையாது. மடக்கும்போது அது எழுப்பும் ‘டக்’ சத்தம் இன்னும் கணீரென்று இருக்கிறது. வில் தளர்ந்த கத்தியில் அந்தச் சத்தம் வராது. வாங்குகிறவர்கள் காது வைத்துக் கேட்பார்கள்.

சட்டம் விட்டாலும் வாசல்காரர்கள் விடுவதில்லை. அமெரிக்க விமானங்களில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை 2001 செப்டம்பர் வரை பயணிகள் கையோடு கொண்டுபோகலாம் என்று இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த மாதத்தோடு அது போயிற்று. விமான நிலையங்களில் பறிபோன தாத்தா கத்திகளுக்கு யாராவது கணக்கு வைத்திருந்தால் நன்றாக இருக்கும். மால், சினிமா தியேட்டர் வாசல்களில் பையைத் துழாவும் பெண் காவலர் நகவெட்டியைக்கூட எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார். சுவிஸ் ராணுவக் கத்திக்குப் பேர்போன விக்டோரினாக்ஸ் கம்பெனி, அலகே இல்லாத பைக்கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருப்பதாக 2024-இல் அறிவித்தது. பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகுவதுதான் காரணம் என்றது. அலகில்லாத கத்தி! பிரியர்லியைக் கேலி செய்தவர்கள் இருந்திருந்தால் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்களோ.

ஷெஃபீல்டும் இளைத்துவிட்டது. ராட்ஜர்ஸ் கம்பெனி தன் பழைய போட்டியாளரான வாஸ்டன்ஹோமோடு 1971-இல் சேர்ந்தது. அதன்பின் பெயரும் குறியும் கைமாறிக் கைமாறிப் போயின. இதில் அடையாளம் காண்கிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. குறியை வாங்கியவர்கள் அதே நட்சத்திரத்தையும் சிலுவையையும் புதுக் கத்திகளிலும் குத்தினார்கள். எனவே குறி இருப்பதால் மட்டும் கத்தி பழசாகிவிடாது. அலகு எவர்சில்வரா, பிடி பிளாஸ்டிக்கா, பித்தளைத் தகடும் ஆணியும் கையால் சேர்த்ததா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். கையால் மடக்குக் கத்தி முழுவதையும் செய்யத் தெரிந்த பழைய தலைமுறையில் பேர்போனவர் ஸ்டான் ஷா. பதினான்கு வயதில் பட்டறைக்குள் நுழைந்தவர், தொண்ணூறு வயதிலும் வேலைமேசையை விடவில்லை. 2021-இல் காலமானார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இன்னும் அங்கே செய்கிறார்கள், அவர்களிடம் வாங்குகிறவர்கள் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தண்ணீர்ச் சக்கரத்தில் சாணைக்கல் சுற்றிய ஷெப்பர்ட் வீல் என்ற பட்டறை இப்போது அருங்காட்சியகம்.

நம் தெருச் சாணைக்காரருக்கு அருங்காட்சியகமும் கிடைக்கவில்லை. தோளில் மரச்சட்டம், அதில் ஒரு சக்கரம், காலால் மிதித்தால் தோல்வார் இழுத்துக் கல் சுற்றும். பிறகு அதே கல் சைக்கிளின் முன்பாரில் ஏறியது. அவர் பேரம் பேசும் முன் கத்தியை வாங்கி வாயை வானத்தை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மழுங்கின இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும், கூர் இருக்கும் இடத்தில் வெளிச்சம் நிற்காது. அதன்பிறகுதான் கூலி சொல்வார். சீமைக் கத்தி என்றால் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுவார், சூடேறினால் பதம் போய்விடும் என்று. வீட்டு அரிவாள்மணைக்கு அந்த மரியாதை கிடையாது. இப்போதும் எப்போதாவது தெருவில் அந்தக் குரல் கேட்கிறது. வீட்டிலுள்ள கத்தியெல்லாம் ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக் பிடி என்பதால் யாரும் கதவைத் திறப்பதில்லை. தீட்டுகிற கூலியில் புதுசே வாங்கிவிடலாம்.

செய்தவரைக் கண்டுபிடிப்பதோ முன்னெப்போதையும்விட இன்று சுலபம். எங்கள் அப்பா காலத்தில் கத்தியின் குறி என்ன என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. இன்று செல்பேசியில் படமெடுத்து அனுப்பினால் ஷெஃபீல்டில் இருக்கும் யாரோ ஒருவர் அரை மணியில் பதில் எழுதுகிறார். ஜெஃப்ரி ட்வீடேல் தொகுத்த ஷெஃபீல்டு கத்திக் கம்பெனிகளின் பெரிய அகராதி இருக்கிறது. அமெரிக்காவில் கோயின்ஸ் தம்பதி தொகுத்த குறிகளின் களஞ்சியம் இருக்கிறது. தாத்தாவே அறியாத விவரம் பேரனுக்குத் தெரிகிறது. யாருடைய அரண்மனைக்குக் கத்தி போயிற்று, எந்தச் சட்டத்தால் ‘இங்கிலாந்து’ ஏறியது, எல்லாம்.

தெரியாதது மற்றப் பாதிதான். அந்தப் பாதியை வாழை இலை அறுத்தவர்களும் மசி சுரண்டியவர்களும் சாணை பிடித்தவர்களும் பார்வையிலேயே படித்தார்கள். படமெடுத்து எங்கே அனுப்பினாலும் பதில் வராது. எங்கள் கத்தியில் சின்ன அலகின் நுனி ஓர் எள்ளளவு உடைந்திருக்கிறது. சித்தப்பா கட்சி, அது தாசில்தார் ஊர்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்திக்கு வந்தபோது கச்சேரிப் பெட்டியின் சாவி தொலைந்து, தாத்தா கத்தியை விட்டு நெம்பியபோது உடைந்தது. அத்தை அதைக் கேட்டாலே சிரிப்பாள். “பெட்டியாவது, சாவியாவது. உங்கப்பாதான் ஏழு வயசுல புளியமரத்துல பேர் செதுக்கறேன்னு ஒடச்சான். ஒடச்சிட்டு, கத்தியை மடக்கி அப்பா மடியிலேயே திருப்பி வச்சான். அவருக்குத் தெரியும். கேக்கலை. உன் சித்தப்பாவுக்கு அப்போ மூணு வயசு, அவனுக்கென்ன தெரியும் ஜமாபந்தி?”